ஷாம்பு பாட்டில் உயிர் காத்தது தெரியுமா?

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் ஓடும்போது, பக்கத்திலேயே ஒரு நர்ஸ் ரப்பர் பை ஒன்றை அமுக்கிக்கொண்டே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆம்பு பை! அமுக்கினால் நோயாளியின் நுரையீரலுக்குள் காற்று போகும், விட்டால் பை தானாக உப்பிக்கொள்ளும். அந்தத் ‘தானாக’ எங்கிருந்து வந்தது தெரியுமா? சைக்கிளிலிருந்து! டென்மார்க் நாட்டு மயக்க மருந்து நிபுணர் ஹென்னிங் ரூபன், நான்கு போக்ஸ் கம்பிகளை வெல்டிங் வைத்து ஒரு பைக்குள் பொருத்திப் பார்த்ததுதான் முதல் மாதிரி. லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வராமல் போனால் நோயாளி கதி என்ன என்ற கவலை அவருக்கு. ஆனால் சைக்கிள் கம்பியோடு அவர் நிற்கவில்லை. ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரைத் தேடிப் போனார். 1956-ல் ஆம்பு பை விற்பனைக்கு வந்தது. இன்று ஆம்புலன்ஸ் என்று பெயர் போட்டு ஓடும் வண்டியில் அது இல்லையென்றால் அந்த வண்டியை நம்பி ஏறாதீர்கள்.

ஒருவர் கைக்கு வந்ததை வைத்துச் செய்கிறார். இன்னொருவர் அதையே பத்தாயிரம் தடவை பிசகாமல் வேலை செய்ய வைக்கிறார். அவசர மருத்துவக் கருவிகளின் வரலாறு முழுக்க இந்த இரண்டு பேரின் கதைதான். சில நேரம் கைகோத்தார்கள். சில நேரம் கோர்ட்டுக்கே போனார்கள்!

ஆமாம், கோர்ட்டுக்கு. ‘இரும்பு நுரையீரல்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களை, தலை மட்டும் வெளியே தெரிய, ஒரு பெரிய உருளைக்குள் படுக்க வைப்பார்கள். உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கும். அழுத்தம் இறங்கினால் மார்பு விரியும், ஏறினால் அமுங்கும். ஹார்வர்டைச் சேர்ந்த பிலிப் டிரிங்கர், லூயிஸ் ஷா இருவரும் 1928-ல் செய்தது. அந்த மாபெரும் இயந்திரத்துக்குள் காற்றை உறிஞ்சித் தள்ளியது எது தெரியுமா? வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரின் ஊதிகள்! பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மூச்சடங்கிக் கிடந்த 8 வயதுச் சிறுமியை உள்ளே வைத்து இயக்கியதும் சில நிமிடங்களில் நினைவு திரும்பியது. சில நாட்களில் நிமோனியா அவளைக் கொண்டுபோய்விட்டது என்றாலும், இயந்திரம் மூச்சு கொடுக்கும் என்பது நிரூபணமாகிவிட்டது.

அப்போது வந்து சேர்ந்தார் ஜான் ஹேவன் எமர்சன். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். ஹார்வர்டு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கனம் எதற்கு, இவ்வளவு சத்தம் எதற்கு?” என்கிற மாதிரி 1931-ல் தானே ஒன்று செய்தார். ஊதிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தோல் சவ்வு ஒன்றை முன்னும் பின்னும் அசைய வைத்தார். சத்தம் குறைந்தது, எடை குறைந்தது, விலை பாதியானது! கரண்ட் போனால் கையாலேயே இயக்கலாம். ஹார்வர்டும் டிரிங்கரும் காப்புரிமை மீறல் என்று வழக்குப் போட்டார்கள். எமர்சன் என்ன செய்தார் தெரியுமா? டிரிங்கரின் கருவியில் இருந்த ஒவ்வொரு யோசனையும் அதற்கு வெகு முன்பே யாராவது எங்கேயாவது செய்ததுதான் என்று பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து நீதிமன்றத்தில் அடுக்கினார். தோற்றது ஹார்வர்டு. காப்புரிமையும் போயிற்று. பட்டறைக்காரர் பல்கலைக்கழகத்தை ஜெயித்த அபூர்வ வழக்கு அது!

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எட்வர்டு போத் என்பவர் ஒரு படி மேலே போனார். இரும்பு எதற்கு, பிளைவுட் போதும்! 1937 போலியோ பரவலின்போது மரப்பெட்டியில் நுரையீரல் செய்தார். அடுத்த ஆண்டு அதைப் பற்றிய செய்திப்படத்தைப் பார்த்த மோரிஸ் கார் கம்பெனி அதிபர் நஃபீல்டு பிரபு, தன் கார் தொழிற்சாலையிலேயே அவற்றைச் செய்யச் சொன்னார். ஏறத்தாழ 1,700 பெட்டிகள் பிரிட்டிஷ் பேரரசின் மருத்துவமனைகளுக்கு இலவசமாகப் போயின. 2020-ல் கார் கம்பெனிகள் வென்டிலேட்டர் செய்யக் கிளம்பியதை நாம் வாய் பிளந்து பார்த்தோமே, அதெல்லாம் பழைய கதை!

இயந்திரமே இல்லாமல் 1,500 பேர் சேர்ந்து ஒரு ‘வென்டிலேட்டர்’ ஆனது தெரியுமா? 1952, கோபன்ஹேகன், பிளெக்டாம் மருத்துவமனை. போலியோ வெள்ளமாக வந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பில் கவசம் போல மாட்டும் சிறு கருவிகள் ஆறும். முதல் மூன்று வாரங்களில் அவற்றில் வைத்துப் பார்த்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செருகி, கையால் பையை அமுக்கிக் காட்டினார். அவள் பிழைத்தாள். அவ்வளவுதான், மருத்துவ மாணவர்கள் முறை போட்டு உட்கார்ந்தார்கள். ராத்திரி பகலாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பையை அமுக்கினார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த இறப்பு இருபத்தைந்து அளவுக்கு இறங்கியது. இன்றைய ஐ.சி.யூ. வார்டு பிறந்தது அங்கேதான்.

இன்னும் கேளுங்கள். நாஜிப் படைகள் பிடியில் இருந்த நெதர்லாந்தின் காம்பென் என்ற சின்ன ஊர். 1943. வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர் செயற்கைச் சிறுநீரகம் செய்யக் கிளம்பினார். ரத்தத்தை வடிகட்டியது எது தெரியுமா? கசாப்புக் கடையில் சாசேஜ் இறைச்சியைத் திணிக்கும் செலோஃபேன் உறை! உலோகத்துக்குப் பஞ்சம் என்பதால் மரச்சட்டங்களில் உருளை. சுழலும் இடத்தில் ரத்தம் கசியாமல் இருக்க ஃபோர்டு காரின் தண்ணீர்ப் பம்பில் இருந்த உத்தி. செய்து கொடுத்ததில் உள்ளூர் எனாமல் பாத்திரத் தொழிற்சாலைக்கும் பங்கு உண்டு. நம்மூர்ப் பத்திரிகைகள் இந்தக் கதையை இதோடு நிறுத்திக் கைதட்டிவிடும். நிறுத்தக் கூடாது. முதல் 16 நோயாளிகளில் இந்த இயந்திரத்தால்தான் பிழைத்தார் என்று உறுதியாகச் சொல்ல ஒருவர் கூட இல்லை. 1945-ல் 17-வதாக வந்த 67 வயது மூதாட்டிதான் கண் விழித்தார். போர் முடிந்ததும் கோல்ஃப் தன் வரைபடங்களை பாஸ்டனுக்குக் கொடுத்தார். அங்கே பிரிகாம் மருத்துவமனையில் அதை எவர்சில்வரில் திருத்திச் செய்தார்கள். கொரியப் போரில் அடிபட்ட வீரர்களின் சிறுநீரகங்களுக்குக் கைகொடுத்தது அந்த எவர்சில்வர் கருவி. டயாலிசிஸ் இன்று தாலுகா ஆஸ்பத்திரி வரை வந்திருப்பதில் சாசேஜ் உறைக்கும் பங்கு உண்டு, எவர்சில்வருக்கும் பங்கு உண்டு.

பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கர்? 1957 அக்டோபர் 31, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கரண்ட் போயிற்று. அப்போதெல்லாம் இதயத் துடிப்பு தரும் கருவி சுவர்ப் பிளக்கில்தான் ஓடும். ஒரு குழந்தை இறந்துபோனது. அறுவை மருத்துவர் லில்லஹெய், ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த எர்ல் பாக்கன் என்பவரைக் கூப்பிட்டார். பாக்கன் கார் ஷெட்டில் கம்பெனி நடத்தியவர், ஆனால் மின்பொறியியல் படித்தவர். அவர் கையில் எடுத்தது எது தெரியுமா? பொழுதுபோக்கு எலெக்ட்ரானிக்ஸ் இதழில் வந்திருந்த மெட்ரோனோம் சர்க்யூட்! இசைக்குத் தாளம் போடும் ‘டிக் டிக்’, இதயத்துக்குத் தாளம் போட்டது. நான்கு வாரத்தில் கருவி தயார். நாய்க்கு வைத்துச் சோதித்த மறுநாளே அது ஒரு குழந்தையின் மார்பில் இருந்ததைப் பார்த்து பாக்கனே திகைத்துப் போனார். இன்று எந்த மருத்துவமனையும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அந்தக் கார் ஷெட் கம்பெனியின் பெயர் மெட்ரானிக்.

சரி, நம் கண் முன்னே நடந்ததற்கு வருவோம். 2020 மார்ச், கொரோனா. இத்தாலியின் பிரெஸ்ஸியா அருகே கியாரி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடிகளுக்கான சின்ன வால்வு தீர்ந்துபோனது. விரலளவு பிளாஸ்டிக்தான். ஆக்சிஜன் பாயும் வேகத்தில் வெளிக்காற்றை உள்ளிழுத்துச் சரியான அளவில் கலந்து கொடுக்கும். தயாரிப்பாளரால் உடனே அனுப்ப முடியவில்லை. இசின்னோவா என்ற சின்ன நிறுவனத்தின் கிறிஸ்தியான் ஃபிரக்காசி, த்ரீ-டி பிரிண்டரோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். அளந்தார், வரைந்தார், அச்சிட்டார். மறுநாளே பத்து நோயாளிகள் அதில் மூச்சு விட்டார்கள்! அசல் வால்வின் விலை பல ஆயிரம் டாலர், கம்பெனி கேஸ் போடுகிறது என்றெல்லாம் உலகம் முழுக்கப் பரவியது தெரியுமா? இரண்டையும் ஃபிரக்காசியே மறுத்தார். நம் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அந்த மறுப்பு இன்னும் வந்து சேரவில்லை.

பிறகு எல்லோரும் வென்டிலேட்டர் செய்யக் கிளம்பினார்கள். காலேஜ் பசங்கள், ரோபோ கிளப்புகள், கார் மெக்கானிக்குகள், காரைக்கால் முதல் கலிஃபோர்னியா வரை யூடியூப் பார்த்தவர்கள்! பெரும்பாலானோர் கையில் எடுத்தது அதே ஆம்பு பைதான்: இரண்டு பக்கமும் இரண்டு கை, நடுவில் ஒரு மோட்டார், பையை அமுக்கு, விடு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 2010-லேயே வகுப்புப் பாடமாகச் செய்த யோசனை இது. நம் நாட்டில் மகிந்திரா பொறியாளர்கள் 48 மணி நேரத்தில் ஒரு மாதிரி செய்தார்கள். 7,500 ரூபாய்க்குள் முடியும் என்றார் ஆனந்த் மகிந்திரா. ஐ.சி.யூ. இயந்திரமோ ஐந்து முதல் பத்து லட்சம்.

அப்படியானால் மீதிப் பணம் எதற்கு? இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

காற்றைத் தள்ளுவது சுலபம். எவ்வளவு தள்ளக் கூடாது என்பதுதான் கஷ்டம். மோசமாகப் பாதிக்கப்பட்ட நுரையீரலுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 மில்லி காற்று கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2000-ல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் ஒரு பிரிவினருக்கு அதில் பாதி, 6 மில்லி மட்டும் கொடுத்தார்கள். இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31-க்கு இறங்கியது! காற்றைக் குறைத்ததால் உயிர் பிழைத்தார்கள், நம்ப முடிகிறதா? அதிகக் காற்று நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்தது, மூச்சு வெளியேறிய பிறகும் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்க வேண்டும். பலூனை முதல் ஊது ஊதுவது எவ்வளவு சிரமம், பாதி உப்பியதை ஊதுவது எவ்வளவு எளிது! காற்றறைகளும் அப்படித்தான், முழுக்கச் சுருங்க விட்டால் திரும்பத் திறப்பதற்குள் உயிர் போய்விடும். கொரோனா நுரையீரலுக்கு இது உயிர்நாடி. வெறும் பையமுக்கியால் இதை நிதானமாகப் பிடித்து வைக்க முடியாது.

அப்புறம் அலாரம். 2020 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு ‘இதெல்லாம் இருந்தால்தான் வென்டிலேட்டர்’ என்று ஒரு பட்டியல் போட்டது. கரண்ட் போனால் கத்த வேண்டும். ஆக்சிஜன் நின்றால் கத்த வேண்டும். அழுத்தம் எகிறினால் கத்த வேண்டும். யாராவது தவறிப்போய் ஆஃப் செய்தால் கத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் கழன்றுவிட்டால் கத்த வேண்டும்! மயக்க மருந்தில் கிடக்கும் நோயாளியால் “எனக்கு மூச்சு வரவில்லை” என்று கூப்பிட முடியாதே. கரண்ட் போன பிறகும் 20 நிமிடமாவது பேட்டரியில் ஓட வேண்டும். யூடியூப் வீடியோ முடிவதற்குள் ஐம்பது தடவை அமுங்கிய பை, ஐ.சி.யூ.வில் ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் அமுங்க வேண்டும். இரண்டு வாரம் நிற்காமல்!

இந்தப் பரீட்சையில் யார் யார் கரை சேரவில்லை தெரியுமா? அமெச்சூர்கள் மட்டும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஃபார்முலா ஒன் பந்தய அணிகளான ரெட் புல்லும் ரெனோவும் சேர்ந்து செய்த ‘புளூஸ்கை’ எளிய வென்டிலேட்டரை, கொரோனா நோயாளிக்கு இது போதாது என்று ஏப்ரலில் கைவிட்டார்கள். டைசன் நிறுவனம் அடியிலிருந்து புதிதாக ஒன்றை வடிவமைத்தது; பத்தாயிரத்துக்கு ஆர்டரும் வாங்கியது. ஏப்ரல் 24-ல் தேவையில்லை என்று முடிந்தது. ஜேம்ஸ் டைசன் சொந்தப் பணம் 2 கோடி பவுண்டு போனது.

ஜெயித்தவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை! பென்லான், ஸ்மித்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் ஏற்கெனவே இருந்த கருவிகளை, ஏர்பஸ், ஃபோர்டு, ரோல்ஸ்-ராய்ஸ், மெக்லாரன் எல்லாம் சேர்ந்து பெருக்கிக் கொடுத்தன. 12 வாரத்தில் 13,437 வென்டிலேட்டர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் மெர்சிடிஸ் பந்தய எஞ்சின் பிரிவும் காப்புரிமை முடிந்த ஒரு பழைய சுவாசக் கருவியைப் பிரித்துப் பார்த்து, 100 மணி நேரத்துக்குள் திரும்பச் செய்தன. பத்தாயிரம் கருவிகள் போயின, வரைபடத்தையும் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். இந்தியாவிலும் ஒரு அதிசயம் நடந்தது. சோலார் பேனல் துடைக்கும் ரோபோ செய்துகொண்டிருந்த நோக்கா ரோபோடிக்ஸ் இளைஞர்கள், கான்பூர் ஐ.ஐ.டி. திரட்டிக் கொடுத்த டாக்டர்களும் தொழில்துறை ஆட்களும் பக்கத்திலேயே நிற்க, சுமார் 90 நாளில் ஐ.சி.யூ. வென்டிலேட்டரே செய்துவிட்டார்கள். அவர்கள் முன்பின் வென்டிலேட்டரைத் தொட்டவர்கள் கூட இல்லை. தப்பு என்று சொன்ன இடத்தில் கழற்றி மாற்றினார்கள், அதுதான் சாமர்த்தியம்.

நல்லெண்ணம் மட்டும் இருந்து சோதனை இல்லையென்றால்? தைவான் டாக்டர் ஒருவர் 2020-ல் ஒரு கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியை வடிவமைத்தார். நோயாளியின் தலையை மூடி, இரண்டு ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தொண்டையில் குழாய் செருகலாம். கிருமி டாக்டர் மேல் தெறிக்காது. எளிமை, மலிவு, அழகு! உலகெங்கும் பட்டறைகள் வெட்டி ஒட்டிக் கொடுத்தன. அப்புறம்தான் அளந்து பார்த்தார்கள். பெட்டிக்குள் கை விட்டுக் குழாய் செருக நேரம் கூடுகிறது. பாதுகாப்பு உடை கிழிகிறது. ஓர் ஆஸ்திரேலியச் சோதனையில் டாக்டரை நோக்கி வரும் துகள்கள் கூடவே செய்தன! காற்றை உறிஞ்சும் ஏற்பாடு இல்லாத இப்படிப்பட்ட பெட்டிகளுக்குக் கொடுத்த அவசர அனுமதியை அமெரிக்க அரசு ஆகஸ்டில் திரும்பப் பெற்றது.

பெரிய கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம் தன் சுவாசக் கருவிகளைப் பல லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு சிதைந்து, நோயாளி இழுக்கும் காற்றில் கலக்க வாய்ப்பிருந்தது. அத்தனை சான்றிதழும் வாங்கிய கருவிகள்தான் அவை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1996, வங்கதேசத்தின் சில்ஹெட். பயிற்சி டாக்டர் முகமது ஜொபாயர் சிஷ்டி கண் முன்னால் ஒரே இரவில் மூன்று குழந்தைகள் நிமோனியாவில் இறந்தார்கள். இதற்கு ஏதாவது செய்வேன் என்று அன்றே உறுதி எடுத்தார். பல ஆண்டு கழித்து மெல்பர்னில், பச்சிளங்குழந்தைகளுக்கு நீர்க்குமிழி மூலம் மூச்சழுத்தம் தரும் கருவியைப் பார்த்தார். விலை கட்டுப்படியாகாது. டாக்கா திரும்பியவர் கண்ணில் பட்டது ஒரு காலி ஷாம்பு பாட்டில், உள்ளே மிச்ச நுரை.

செய்முறை இதுதான். குழந்தையின் மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன். வெளிவிடும் மூச்சு இன்னொரு குழாய் வழியாகத் தண்ணீர் நிரம்பிய பாட்டிலுக்குள் இறங்கும். குழாய் எத்தனை சென்டிமீட்டர் முங்கியிருக்கிறதோ, அத்தனை அழுத்தம் நுரையீரலில் நிற்கும். குமிழி வந்தால் வேலை செய்கிறது. குமிழி நின்றால் எங்கோ கசிகிறது என்று ஆயா கூடப் பார்த்துச் சொல்லலாம். அலாரத்துக்குப் பதில் கண்! செலவு ஒன்றேகால் டாலர். சிஷ்டி இதைப் பரிசு வாங்கக் கொண்டுபோகவில்லை. 225 குழந்தைகளிடம் முறைப்படி சோதித்தார். சாதாரண ஆக்சிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் இறப்பு 15 சதவீதம். பாட்டில் குமிழியில் 4. 2015-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம். 2019-ல் ஆப்பிரிக்காவின் மலாவியில், ஒரு மாவட்ட மருத்துவமனையில் இதே குமிழி முறையை 644 குழந்தைகளிடம் சோதித்தார்கள். பாட்டில் இல்லை, கம்பெனிக் கருவிகள்! ஆனால் தினமும் பார்த்துக்கொண்டது டாக்டர்கள் அல்லாத ஊழியர்கள். சாதாரண ஆக்சிஜனில் 11 சதவீதம் இறந்தார்கள், குமிழியில் 17. ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. பின்னர் எத்தியோப்பியாவில் டாக்டர்கள் மேற்பார்வையில் எளிய பாட்டில் முறையைச் சோதித்தபோது மறுபடியும் உயிர்கள் பிழைத்தன. கருவி பாட்டிலா பளபளப்பா என்பதைவிட, குமிழி நின்றதைப் பார்த்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரிந்த ஆள் வார்டில் இருந்தாரா என்பதில்தான் நான் இந்த வித்தியாசத்தைத் தேடுவேன்.

ஆகவே வாசகர்களே, பத்தாயிரம் ரூபாயில் வென்டிலேட்டர், மாணவன் சாதனை என்று அடுத்த வீடியோ வந்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். எமர்சன் மாதிரி ஒருவர் அதில் இருக்கலாம். ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் கீழே ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: “தம்பி, குழாய் கழன்றால் இது கத்துமா?”